ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஓர் அங்குலம்

வங்கி அட்டை ஒன்றை எடுத்து அதன் ஓரத்தைப் பாருங்கள். முக்கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மேசைமீது நிற்கும் பிளாஸ்டிக் கார் ஒன்றின் கூரை அந்த அளவு தாழ்ந்திருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கார், உண்மைக் காரின் 25இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது. முக்கால் மில்லிமீட்டரை 25ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். முழுதாக ஒரு மில்லிமீட்டர் தவறினால் 25 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம். உண்மைக் காரின் கூரையை ஓர் அங்குலம் வெட்டித் தாழ்த்திவிட்டுச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட, இதில் ஏதோ கைவைத்திருக்கிறார்கள் என்பார்.

அமெரிக்காவின் பழைய ‘மஸல் கார்’களைப் பிளாஸ்டிக் துண்டுகளாக வார்த்து, பெட்டியில் அடைத்து விற்கும் தொகுப்புகளுக்கு உலகெங்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அவற்றை வாங்கி, ஒட்டி, சாயம் பூசி முடிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே ஒரு குறை வெளிவரும். கூரை சரியில்லை, சக்கர வளைவு தப்பு, முகத்தில் அந்தக் காரின் களையே இல்லை. கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். நிலவின் பள்ளங்களையே அளந்துவிட்ட காலத்தில், இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காரைச் சரியாகச் சுருக்க முடியவில்லையா?

முடியும். ஆனால் 25ஆல் வகுப்பது அந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. வகுத்து முடித்த பிறகு அந்த வடிவம் வரைபடம், மூல உருவம், எஃகு, உருகிய பிளாஸ்டிக், சாயம், கடைசியாகப் பார்ப்பவரின் கண் என்று கைமாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

இரண்டு அங்குல வித்தியாசம்

நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய வி-8 இன்ஜினைப் பொருத்தி, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றால் அதுதான் மஸல் கார். 1964இல் வந்த போண்டியாக் ஜிடிஓவிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். புகைக் கட்டுப்பாட்டு விதிகள், எகிறிய காப்புறுதிக் கட்டணம், 1973 எண்ணெய் நெருக்கடி ஆகியவை சேர்ந்து பத்தே ஆண்டுகளில் அதை முடித்து வைத்தன.

இந்தக் கார்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டியது பெரும்பாலும் உடல் வடிவம்தான். 1970ஆம் ஆண்டின் பிளிமத் குடாவும் டாட்ஜ் சேலஞ்சரும் கிரைஸ்லர் குழுமத்தின் பிள்ளைகள். இன்ஜின்கள் ஒன்றே, உள்கட்டமைப்பிலும் பெரும்பகுதி ஒன்றே. முன்சக்கர நடுப்புள்ளிக்கும் பின்சக்கர நடுப்புள்ளிக்கும் இடையிலான தூரம் குடாவில் 108 அங்குலம், சேலஞ்சரில் 110 அங்குலம். 25ஆல் வகுத்தால் அந்த வித்தியாசம் வெறும் 2 மில்லிமீட்டர். செலவைக் குறைக்க இரண்டு காருக்கும் ஒரே அடித்தட்டை வார்த்துவிட நினைக்கும் தயாரிப்பாளருக்கு அந்த 2 மில்லிமீட்டர் ஒரு பொருட்டாகவே தெரியாது. சக்கரம் வளைவின் நடுவில் நிற்காமல் ஒருபக்கம் ஒதுங்கி நிற்கும்போதுதான் வாங்கியவருக்குத் தெரியும்.

எல்லா மில்லிமீட்டருக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1969 செவ்ரோலே கமாரோவின் நீளம் 186 அங்குலம். மாதிரியில் அது 189 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் குறைந்தால் அரை விழுக்காடு, எவர் கண்ணிலும் படாது. ஆனால் பக்கக் கண்ணாடியின் உயரம் மாதிரியில் சுமார் 15 மில்லிமீட்டர்தான் வரும். அங்கே அதே 1 மில்லிமீட்டர் போனால் 6 அல்லது 7 விழுக்காடு போய்விடுகிறது. கார் முறைத்துப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். மனிதக் கண் நீளத்தைத் துல்லியமாக அளக்காது. விகிதம் கெட்டால் மட்டும் உடனே கண்டுபிடித்துவிடும்.

அளவு விகிதங்களே ஏதோ அறிவியல் ஆய்வில் பிறந்தவை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1/24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற பழைய கணக்கு. 1/25 என்பது டெட்ராய்ட் வட்டாரத்தில் கார் முகவர்களுக்காகச் செய்யப்பட்ட விளம்பரப் பொம்மைகளிலிருந்து வந்த பழக்கம். டாட்ஜ் சார்ஜரின் நீளம் 208 அங்குலம். அது 1/25இல் 211 மில்லிமீட்டர், 1/24இல் 220 மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதன் தம்பிபோல் நிற்கும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மினி 4டபிள்யூடி வழியாக நன்கு தெரிந்த தமியா நிறுவனம், ராணுவ டாங்கி மாதிரிகளில் 1/35 என்ற விகிதத்தை உலக வழக்கமாக்கியது. அது எப்படி வந்தது தெரியுமா? 1960களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த பாந்தர் டாங்கிக்குள் மின்கலங்களும் மோட்டாரும் அடங்க வேண்டியிருந்தது. அடங்கிய அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் 1/35க்கு அருகில் வந்தது.

எந்த ஆண்டுக் கார்?

‘1968 சார்ஜர்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது ஒரு வாக்குறுதி. அந்த ஆண்டுக் காருக்குப் பின்னால் வட்ட விளக்குகள். 1969இல் அவை நீள்பட்டையாகின, முன்கிரில்லின் நடுவே ஒரு தடுப்பும் வந்தது. 1970இல் கிரில்லைச் சுற்றி வளைத்த குரோம் பம்பர். கமாரோவில் 1967ஆம் ஆண்டு மட்டும் கதவுக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சிறு முக்கோணக் கண்ணாடி உண்டு. 1968இல் அது போய், அமெரிக்க அரசின் புதிய பாதுகாப்பு விதிப்படி பக்கவாட்டில் சிறு விளக்குகள் வந்தன. 1969இல் போனட்டையும் பூட் மூடியையும் தவிர வெளித்தகடு ஏறக்குறைய முழுவதுமே மாறியது. மஸ்டாங் 1969இல் நான்கு முன்விளக்குகளோடு வந்து, 1970இல் இரண்டுக்குத் திரும்பியது.

இவற்றில் ஒன்றை மறந்துவிட்டாலும் அந்த மாதிரி, உலகில் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவராத ஒரு காராகிவிடும்.

சில கார்களில் இது அலங்காரத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. சார்ஜரின் பின்கண்ணாடி உள்வாங்கியிருக்கும். இருபுறமும் கூரைத் தூண்கள் பூட் வரை சரிந்து இறங்கும். பார்க்க அழகு. ஆனால் நாஸ்கார் பந்தயத் தடங்களில் அந்தக் குழிவில் காற்று சுழன்று பின்பக்கத்தை மேலே தூக்கியது. உள்ளே தள்ளியிருந்த முன்கிரில்லும் காற்றை வாரிப் பிடித்தது. பொறியாளர்கள் முதலில் கிரில்லை முன்னுக்குக் கொண்டுவந்து, பின்கண்ணாடியைத் தூண்களோடு சமமாக்கி ‘சார்ஜர் 500’ என்று ஒன்றைச் செய்தார்கள். அதுவும் போதவில்லை. 1969இல் அதன்மேல் கூர்மூக்கும், 23 அங்குல உயரத்தில் நிற்கும் பின்சிறகும் ஏறின. அதுதான் டேடோனா. 1970 மார்ச் 24ஆம் நாள் தல்லடேகா தடத்தில் பட்டி பேக்கர் ஒரு டேடோனாவை மணிக்கு 200 மைலுக்குமேல், அதாவது சுமார் 322 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார்.

இந்த வடிவத்தைக் கண்டுபிடித்ததே ஒரு மாதிரி உருவம்தான் என்பதை மாதிரி கட்டுவோரே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். உண்மைக் காரின் எட்டில் மூன்று பங்கு அளவில், சுமார் 2 மீட்டர் நீளத்தில் மாதிரி செய்து, கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் உள்ள பல்கலைக்கழகக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். முழு அளவுக் காரை ஜார்ஜியாவில் லாக்ஹீட் விமான நிறுவனத்தின் சுரங்கத்தில் வைத்தார்கள். உருவம் சிறிதாகச் சிறிதாகக் காற்று அதைச் சுற்றி நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுவதால், சுரங்க மாதிரி கூடுமானவரை பெரிதாக இருப்பது நல்லது. அந்த மாதிரியில் பின்கண்ணாடியின் சாய்வு கொஞ்சம் தவறியிருந்தாலும் கிடைக்கும் எண்கள் தவறியிருக்கும். ஆகவே கூர்மூக்கையும் சிறகையும் வைத்துவிட்டுப் பின்கண்ணாடியைச் சாதாரண சார்ஜரில் இருந்தபடி குழிவாகவே விட்டுவிடும் எந்த டேடோனாவும், பொம்மையோ தொகுப்போ, அந்தக் கார் ஏன் பிறந்தது என்பதையே விட்டுவிடுகிறது.

அதன் அக்காள்மகன்போல் 1970இல் வந்த பிளிமத் சூப்பர்பேர்டிலும் இதே சிக்கல். தூரத்திலிருந்து இரண்டும் இரட்டையர். ஆனால் மூக்கு வேறு, சிறகின் சாய்வு வேறு. சூப்பர்பேர்டின் கூரைமீது வினைல் உறை உண்டு. பின்கண்ணாடியை மாற்றியமைத்த ஒட்டுவேலையை மறைக்கத் தொழிற்சாலை கண்டுபிடித்த வழி அது. வினைல் இல்லாத சூப்பர்பேர்ட் மாதிரியைப் பார்த்தால் செய்தவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அழிந்துபோன அச்சுகள்

1950களிலும் 1960களிலும் ஏ.எம்.டி, ஜோ-ஹான், பின்னர் எம்.பி.சி போன்ற நிறுவனங்கள் டெட்ராய்டின் கார் நிறுவனங்களோடு நெருக்கமாக இயங்கின. புதிய கார் கடைக்கு வரும்போது அதன் சிறு உருவமும் முகவரின் மேசையில் இருக்க வேண்டும். அதற்காகக் கார் வெளிவருவதற்கு முன்பே வரைபடங்கள் மாதிரி நிறுவனங்களின் கைக்கு வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எஃகு வார்ப்பச்சு வெட்டப் பல மாதங்கள் ஆகும். கடைசி நேரத்தில் கார் நிறுவனம் ஒரு பட்டையையோ சின்னத்தையோ மாற்றினால், மாதிரியில் பழையது அப்படியே நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய இழப்பு அடுத்த ஆண்டு நேர்ந்தது. புதிய அச்சு வெட்டுவது செலவு. ஆகவே இந்த ஆண்டின் அச்சையே சுரண்டி, நிரப்பி, அடுத்த ஆண்டுக் காராக மாற்றினார்கள். 1970 குடாவுக்கு இரண்டு முன்விளக்குகள். 1971இல் நான்கு, கூடவே முன்பக்கத் தகட்டில் மீன் செவுள்போன்ற பிளவுகள். எஃகில் அந்த மாற்றத்தைச் செய்துவிட்டால் 1970ஆம் ஆண்டின் முகம் அந்த அச்சிலிருந்து நிரந்தரமாகப் போய்விட்டது. இப்படி ஆண்டுதோறும் உருமாறிய அச்சுகளைப் பிற்காலத்தில் மறுபடி பழைய ஆண்டுக்குத் திருப்ப முயலும்போதுதான் விளக்கு ஓர் ஆண்டு, பம்பர் ஓர் ஆண்டு என்று கலப்பினங்கள் பிறக்கின்றன.

விளம்பரப் பொம்மைகளிலும் ஒரு வேடிக்கை உண்டு. தொடக்கக் காலப் பொம்மைகள் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதை இளக்கமாக வைத்திருக்கும் வேதிப்பொருள் ஆண்டுகள் போகப்போக வெளியேறிவிடும். உருவம் சுருங்கி வளைந்துபோகும். நூறு விழுக்காடு சரியாகச் செய்யப்பட்ட பொம்மையும் இன்று வாழைப்பழம்போல் வளைந்து கிடக்கலாம். அதை அளந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அச்சிலிருந்து வெளியே எடுக்க வேண்டுமே

என்னைக் கேட்டால், தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. யாருடைய அலட்சியத்தாலும் அல்ல, வடிவியலால்.

அகார்-அகார் செய்யும் அச்சைக் கவனித்திருப்பீர்கள். அதன் பக்கங்கள் செங்குத்தாக இருக்காது, சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். சாய்வு இல்லாவிட்டால் கவிழ்த்தாலும் ஜெல்லி வராது. உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் செலுத்தும்போதும் இதே கதைதான். ஒன்று அல்லது இரண்டு பாகை சாய்வு இருந்தால்தான் பகுதி கீறல் இல்லாமல் வெளிவரும். உண்மைக் காரில் நிமிர்ந்து நிற்கும் கிரில் கம்பியும் பின்தகடும் மாதிரியில் சற்றுச் சாய்ந்து நிற்பது அதனால்தான்.

காரின் முழு உடலையும் ஒரே துண்டாக வார்ப்பது இன்னும் கடினம். அச்சு மேலே, முன்னே, பின்னே, இடமும் வலமும் என்று பல திசைகளில் பிரியும் துண்டுகளால் ஆனது. உட்புறத்தை உருவாக்கும் எஃகுக் கட்டை மட்டும் கீழ்வழியாக வெளியேற வேண்டும். மஸல் கார்களின் பக்கங்களோ நடுவில் புடைத்து, கீழே உள்நோக்கி மடங்குபவை. வாய் குறுகிய பானைக்குள் அகலமான கட்டையை வைத்துவிட்டு வெளியே இழுக்க முடியுமா? அதற்கு இரண்டே வழிகள். புடைத்த இடத்தில் சுவரைத் தடிமனாக்கலாம், அல்லது கீழ்மடிப்பைக் குறைத்துப் பக்கத்தைத் தட்டையாக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் காரின் பக்கவாட்டுத் திரட்சி போய், செதுக்கிய சோப்புக் கட்டிபோல் ஆகிவிடும்.

சுவரின் தடிமனே தனிக் கதை. உண்மைக் காரின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை 25ஆல் வகுத்தால் தலைமுடியைவிட மெல்லிய படலம்தான் வரும். பிளாஸ்டிக் அச்சில் அதை வார்க்க இயலாது. ஒரு மில்லிமீட்டருக்குமேல் வேண்டும். உண்மை அளவில் அது ஓர் அங்குலத்துக்கும் கூடுதலான தடிமனுள்ள தகடு. கண்ணாடியும் அப்படியே. மாதிரியின் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி, உண்மையில் 25 மில்லிமீட்டர் தடிமன். வங்கிக் கருவூலத்துக்குத்தான் அப்படிக் கண்ணாடி போடுவார்கள். அதை உள்பக்கத்திலிருந்து ஒட்டுவதால், வெளிச்சட்டத்தோடு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டிய கண்ணாடி குழிக்குள் இருப்பதாகத் தெரிகிறது. இருபுறமும் தடித்த சுவர் இடத்தைத் தின்றுவிடுவதால் சக்கரங்களும் உள்ளே தள்ளப்படுகின்றன. முழங்கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்கும் ஆளைப்போல் கார் நிற்கும்.

பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாலிஸ்டைரீன் ஏறக்குறைய அரை விழுக்காடு சுருங்கும். 200 மில்லிமீட்டர் நீளத்தில் அது ஒரு மில்லிமீட்டர். ஆகவே அச்சைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுகிறார்கள். தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஒரே மாதிரிச் சுருங்காது என்பதால் கூரைத் தூண்கள் இழுபட்டு வளையலாம்.

கணினி வருவதற்கு முன்பு, பெரிய அளவில் கையால் செதுக்கிய மூல உருவத்தை, பான்டோகிராப் என்னும் இணைகை இயந்திரத்தால் தடவித் தடவிச் சிறிதாக்கி எஃகில் வெட்டினார்கள். செதுக்கியவரின் கை எங்கே மழுங்கியதோ அந்த இடம் எஃகிலும் மழுங்கியது. அப்படியிருந்தும் ஜோ-ஹான் போன்ற நிறுவனங்களின் சில உடல்களை இன்றும் சேகரிப்பாளர்கள் மெச்சுகிறார்கள். நல்ல கண் உள்ள ஒரு கைவினைஞர் எத்தனை தூரம் போக முடியும் என்பதற்கு அது சாட்சி.

அச்சுத் துண்டுகள் சந்திக்கும் இடங்களில் முன்தகட்டிலும் கூரைத் தூணிலும் மெல்லிய தழும்புக் கோடுகள் விழும். கட்டுபவர் அவற்றைத் தேய்த்து எடுப்பார். கை கொஞ்சம் மிஞ்சினால் காரின் கூரிய மடிப்பும் சேர்ந்து தேயும். பிறகு சாயம். இரண்டு மூன்று பூச்சுகள் சேர்ந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறினால், உண்மை அளவில் இரண்டரை மில்லிமீட்டர் சாந்து பூசியதற்குச் சமம். கதவு இடுக்குகள் தூர்ந்துபோகும். இதில் பழி தயாரிப்பாளரைச் சேராது.

மூன்றாம் மாடியிலிருந்து பார்க்கிறோம்

எல்லா அளவும் சரியாக இருந்தும் ‘ஏதோ ஒன்று சரியில்லை’ என்று தோன்றுவது உண்டு. அதற்குக் காரணம் நம் கண்.

சாலையில் நின்று காரைப் பார்ப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1/25 உலகில் அது 64 மில்லிமீட்டர், அதாவது மேசையிலிருந்து நான்கு விரல் உயரம். ஆனால் நாம் நாற்காலியில் உட்கார்ந்து மேசையை நோக்கும்போது கண் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 25ஆல் பெருக்கினால் 10 மீட்டர். அடுக்குமாடியின் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று கீழே கார் நிறுத்துமிடத்தை எட்டிப் பார்ப்பதற்கு அது சமம். அங்கிருந்து பார்த்தால் கூரையும் போனட்டும் பூட்டும்தான் கண்ணை நிறைக்கும், பக்கவாட்டு வளைவு ஒடுங்கிவிடும். சாலையில் நின்று பார்த்து மனத்தில் பதித்த காரை மாடியிலிருந்து தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இரண்டு கண்களுக்கு இடையே சுமார் 63 மில்லிமீட்டர் இடைவெளி. மாதிரியின் உலகில் அது ஒன்றரை மீட்டருக்கும் அதிகம். காரின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கும் பூதத்தின் கண்கள் நமக்கு. அதனால் ஆழம் மிகைப்படுகிறது. இது சிறிய பொருள் என்று மூளை உடனே முடிவு கட்டிவிடுகிறது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மேசை விளிம்புக்குக் கண்ணை இறக்கிப் பாருங்கள். அதே மாதிரி சட்டென்று காராக மாறும்.

உலோகப் பளபளப்புச் சாயத்தில் நடப்பதும் இதுதான். உண்மைக் காரில் கண்ணுக்குத் தெரியாத அலுமினியத் துகள், அதே சாயத்தை மாதிரியில் அடித்தால் 25 மடங்கு பெரிதாகி ஜிகினாவாக மின்னும்.

இதைக் காரணம் காட்டி, அளவை விட்டுவிட்டுக் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்படி வடிவத்தைக் கொஞ்சம் திருத்தலாம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். கூரையைச் சற்றே உயர்த்து, வளைவைச் சற்றே கூட்டு என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒருவருடைய கண்ணுக்குச் சரியென்று பட்டது எஃகில் ஏறிவிட்டால், அடுத்த 40 ஆண்டுகளுக்கு எல்லோரும் அந்த ஒருவரின் ரசனையைத்தான் வாங்க வேண்டியிருக்கும். அச்சு இழுக்கும் இடத்தில் இழுக்கட்டும். அதற்குமேல் கை வைக்காமல் இருப்பதே மேல்.

நகலின் நகல்

லேசர் அலகீடு வந்த பிறகு இந்தத் தொல்லை தீர்ந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். பெரும்பகுதி தீர்ந்திருக்கிறது. ஆனால் லேசருக்குக் குரோமும் கண்ணாடியும் பளபளக்கும் கறுப்புச் சாயமும் பிடிக்காது. ஒளி தெறித்தோடிவிடும் அல்லது திரும்பி வராது. மஸல் காரின் முகத்தில் இந்த மூன்றும்தான் நிறைந்திருக்கின்றன. மாவுபோன்ற பொடியைத் தெளித்து அளக்க வேண்டும். கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே கத்திபோன்ற ஒரு மடிப்பு எங்கே ஓடுகிறது என்று முடிவு செய்வது இன்னமும் மனிதர்தான்.

அலகிடும் கார் எது என்பது இன்னொரு கேள்வி. 50 ஆண்டுகளுக்குமேல் ஆன கார் அது. சுருள்வில்கள் தளர்ந்திருக்கும். மீட்டெடுக்கும்போது தகடுகளைப் புதிதாக வாங்கி மாற்றியிருப்பார்கள், டயர்கள் இக்கால அளவில் இருக்கும். தொழிற்சாலையிலேயே கூரையும் பின்தகடும் சேரும் இடத்தில் ஈயத்தை உருக்கி நிரப்பிக் கையால் அராவியவர்கள் அவர்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சு அசலாக ஒத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சரியான கார் என்று ஒன்றைக் கைகாட்ட வேண்டுமென்றால் வரைபடம், பழைய தொழிற்சாலைப் படங்கள், பல கார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இன்னொரு போக்கும் உண்டு. ஏ.எம்.டி, எம்.பி.சி பெயர்களை இன்று வைத்திருக்கும் ரவுண்ட் 2 நிறுவனம், அழிந்துபோன அச்சுகளுக்குப் பதிலாக, பிரிக்காமல் மிஞ்சிய பழைய தொகுப்புகளை அலகிட்டுப் புதிய அச்சுகள் செய்துவருகிறது. சிறுவயதில் வாங்க முடியாத பெட்டியை இன்று கையில் பிடிப்பவருக்கு அது பெரிய மகிழ்ச்சி, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அளக்கப்படுவது காரைச் சுருக்கிய ஒரு மாதிரி. 1960களின் செதுக்குக் கலைஞர் கூரையை ஒரு மில்லிமீட்டர் தாழ்த்தியிருந்தால், இன்றைய லேசர் அந்த ஒரு மில்லிமீட்டரை அணுவளவும் பிசகாமல் நகலெடுக்கும். பெட்டிமீது காரின் பெயர்தான் இருக்கும். வாங்குபவர் எதை வாங்குகிறார் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

வீட்டிலேயே அளக்கலாம்

ஒட்டுவதற்கு முன்பு அளந்துவிடுவது நல்லது. பசை காய்ந்த பிறகு சக்கர வளைவை நகர்த்துவது பெரும்பாடு. வெர்னியர் அளவுகோல் ஒன்று போதும். சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை முதலில் பாருங்கள். 1969 கமாரோ என்றால் 1/25இல் 109.7 மில்லிமீட்டர், சார்ஜர் என்றால் 118.9. அடித்தட்டில் மட்டும் அளக்காமல், உடலின் சக்கர வளைவுகளின் நடுவிலிருந்தும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். டேடோனா என்றால் சிறகு 23.4 மில்லிமீட்டர் நிற்க வேண்டும். 14 அங்குல வளையம் 14.2 மில்லிமீட்டருக்கு அருகில் வர வேண்டும். டயரின் உள்விட்டமும் வளையத்தின் வெளிவிளிம்பும் வேறு வேறு என்பதால், அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் சண்டை பிடிக்காதீர்கள்.

வளைவுகளை அளவுகோல் பிடிக்காது. அதற்குக் குழல்விளக்கு. வெற்று உடலில் பளபளப்பான சாயத்தை ஒருமுறை பூசி, விளக்கின் பிரதிபலிப்பு பக்கவாட்டில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நல்ல உடலில் அந்த வெண்கோடு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை உடையாமல் வழுக்கிப் போகும். தட்டையான இடத்தில் பரந்து விரியும், மேடுபள்ளத்தில் நெளியும்.

புகைப்பட ஒப்பீட்டில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்றுப்போகின்றன. கைப்பேசியை மாதிரிக்கு 10 சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோய்ப் படமெடுத்து, மூக்கு பெரிதாக இருக்கிறது என்று குற்றம் சாட்டுகிறார்கள். அது உண்மைக் காரை இரண்டரை மீட்டரிலிருந்து எடுத்ததற்குச் சமம். அங்கிருந்து எடுத்தால் எந்தக் காருக்கும் மூக்கு பெரிதாகத்தான் தெரியும். உண்மைக் காரின் படம் 10 மீட்டர் தொலைவிலிருந்து, நின்ற மனிதரின் கண் உயரத்தில் எடுக்கப்பட்டது என்றால், மாதிரியை 40 சென்டிமீட்டர் தொலைவில், மேசைக்குமேல் 64 மில்லிமீட்டர் உயரத்தில் லென்ஸ் இருக்கும்படி எடுக்க வேண்டும். இரண்டு படங்களையும் கணினியில் ஒரே அளவாக்கி ஒன்றின்மேல் ஒன்றை வையுங்கள். முதலில் சக்கரங்களைப் பொருத்துங்கள், பிறகு கூரைக் கோட்டைப் பாருங்கள்.

ஏ.எம்.டியின் பழைய அச்சுகளிலிருந்து இன்றும் மறுவெளியீடாக வரும் சில பெட்டிகளில் இன்னொன்றும் கண்ணில் படும். இன்ஜினின் குறுக்கே, ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரும் ஒரு துளை. எந்த உண்மை வி-8 இன்ஜினிலும் அது கிடையாது. பிள்ளைகள் உருட்டி விளையாட வேண்டும் என்பதற்காக முன்சக்கரங்களின் உலோக ஆக்ஸில் கம்பியை இன்ஜின் வழியாகவே செலுத்தினார்கள். கம்பியைத் துண்டித்துச் சக்கரங்களைத் தனித்தனியே ஒட்டிவிட்டு, துளையைப் பசைமண்ணால் அடைத்துத் தேய்த்தால் போதும். பத்து நிமிட வேலை.